மேலே காத்தே கொதிக்குது

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் வாத்தியார் மதியம் இரண்டரை மணிக்குப் போன் செய்தார். அவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்தான்.

"சார், ஏசி மறுபடியும் நின்னுபோச்சு. போன மாசம்தான் கேஸ் போட்டாங்க. இப்ப மறுபடி கேஸ் கம்மின்றாங்க. நீங்க ஒரு தரம் வந்து பாருங்களேன்."

வெயிலில் இறங்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். வாத்தியார் வீட்டின் மொட்டை மாடியில், வடமேற்கு மூலையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, தரையோடு தரையாக அவுட்டோர் யூனிட் உட்கார்ந்திருந்தது. நீர்க்கசிவுக்காகப் போன வருடம் அடித்த பூச்சில் மாடித் தரை முழுக்கக் கருஞ்சாம்பல் நிறம். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. குனிந்து, யூனிட் காற்றை இழுக்கும் பின்பக்கத்தில் கையை வைத்தேன். அடுப்பு வாசலில் வைத்தது போல இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு 1998ஆம் ஆண்டுக் கோடை ஞாபகம் வந்தது. கூடவே ஒரு பையனின் முகமும். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்தும் தள்ளிப்போட்டு வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நம் ஊர்க் கூரைகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் நான் செய்த தவறு புரியும்.

நான் பிறந்து வளர்ந்த காலத்தில் நெமிலி வட ஆற்காடு மாவட்டத்தில், அரக்கோணம் தாலுகாவில் இருந்தது. ஓலை வீடுகளும் நாட்டு ஓட்டு வீடுகளும்தான் அதிகம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் மாடி வைத்துக் கட்டினால் அது மெட்ராஸ் டெரஸ். என் தாத்தா வீடு அப்படித்தான். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான படுகை. கடுக்காய் ஊறவைத்த தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டிக்கொண்டே பாடுவார்கள். கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது மிச்சச் சுண்ணாம்பை மாடித் தரையிலும் ஊற்றித் தென்னை மட்டையால் இழுத்துவிடுவார் தாத்தா. வைகாசி வரைக்கும் அது தாங்கும். மாலையானதும் பாட்டி நாலு குடம் தண்ணீரைத் தளத்தில் ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அரை மணி கழித்துப் பாய் விரிப்போம். இதெல்லாம் வீட்டுக்குள் சூடு இறங்காமல் இருக்க, ராத்திரி தூக்கம் வர என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாடிக்கு மேலே இருக்கும் காற்றையும் அது குளிர வைத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அங்கே காற்றை இழுக்கும் இயந்திரம் எதுவும் இல்லை, எங்களைத் தவிர.

பிறகு கான்கிரீட் வந்தது. நாலைந்து அங்குலத் தளம், சீக்கிரம் முடிகிற வேலை. முதலில் அதன்மேல் சுர்க்கியும் தட்டோடும் போட்டார்கள். பின்னால் செலவைக் குறைக்க அதையும் விட்டுவிட்டு, சிமெண்டைப் பூசி நிறுத்திக்கொண்டார்கள். தொழிற்சாலைகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பிறகு இரும்புத் தகடு. ஒழுகும் கான்கிரீட் கூரைகளில் தார் ஃபெல்ட் ஒட்டினார்கள். கறுப்புக்கு அப்போது மதிப்பு. ஒழுகாது, அழுக்கும் தெரியாது.

எங்கள் பகுதியில் இந்த மாற்றம் தோல் தொழிலோடு சேர்ந்தே நடந்தது. 1970களின் தொடக்கத்தில் அரை பதப்பட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்ட தோல், அதன்பின் ஷூ, அப்பர் என்று தொழில் வளர்ந்தது. ராணிப்பேட்டையில் சிப்காட் வந்தது. வாலாஜா, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி வரிசையாகக் கூடங்கள் எழுந்தன. பழைய தோல் ஷாப்புகளில் மேல்மாடி என்றால் தோல் காயப்போடும் இடம். காற்று உள்ளே வந்து வெளியே போகிற மாதிரி கட்டியிருப்பார்கள். புதிய கூடங்களில் ஜன்னலை மூடி, மேலே ஏசி வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோலில் முடி உதிர்க்கச் சுண்ணாம்புக் குழியில்தான் ஊறவைப்பார்கள். லாரி லாரியாகச் சுண்ணாம்பு வந்து இறங்கிய பகுதி இது. அதில் ஒரு மூட்டையைக் கூரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் 1978இல் ஒரு தோல் தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். 1998இல் மேற்பார்வையாளராக இருந்தேன். அந்த வருடம் பங்குனியில் மேல்தளத்தில் ஒரு பரிசோதனைக் கூடம் திறந்தார்கள். தோலின் உறுதி, நீளும் தன்மை இவற்றைச் சோதிப்பதற்கு முன்னால் துண்டுகளை 48 மணி நேரம் குறிப்பிட்ட வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்திருக்க வேண்டும். நடுவில் அறை சூடானால் சோதனை செல்லாது. சோதனைத் தாள் இல்லாமல் சரக்கு கப்பல் ஏறாது. ஆகவே மொட்டை மாடியில் இரண்டு பெரிய யூனிட்டுகளை இறக்கினார்கள். தார் ஃபெல்ட் ஒட்டிய கறுப்புத் தரை. சுற்றிலும் நான்கடிக் கைப்பிடிச் சுவர்.

ஏசி கணக்கை ஒப்பந்ததாரர் போட்டுக் கொடுத்தார், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வெளிக்காற்று 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருந்தார். ஃபாரன்ஹீட்டில் 104. வேலூர்ப் பக்கம் அதற்கு மேலும் போகும், ஆனாலும் சில நாள்தானே என்று ஒப்புக்கொண்டேன். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

மே மாதம் பிறந்ததும் தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு மேல் ஏதாவது ஒரு யூனிட் நின்றுவிடும். அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது விழுந்துவிடும். மாடிக்கு ஓடி, பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். அரை மணியில் மறுபடி விழும்.

ஒப்பந்ததாரர் அனுப்பிய மெக்கானிக் ஆம்பூர்ப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கலாம். சுருக்கமாகப் பேசுவான். முதல் நாளே என்னிடம் சொன்னான்: "சார், மிஷின்ல ஒண்ணும் இல்ல. மேலே காத்தே கொதிக்குது சார். அது இன்னா பண்ணும்?"

"கணக்கு 40க்குப் போட்டிருக்குப்பா. இன்னிக்கு 41தான். ஒரு டிகிரியிலயா நின்னுபோகும்? கேஸைப் பாரு" என்றேன்.

அவன் பார்த்தான். கேஸ் சரியாக இருந்தது. என் வற்புறுத்தலால் கொஞ்சம் வெளியே விட்டு மறுபடி நிரப்பினான். பலன் இல்லை. பிறகு அவனாகவே ஒன்று செய்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு டேங்கிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் எடுத்து, யூனிட்டைச் சுற்றியுள்ள தரையில் ஊற்றினான். அன்று மாலை வரை இரண்டு யூனிட்டும் நிற்கவில்லை.

நான் அவனைத் திட்டினேன். அந்தக் கோடையில் நாங்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம். குடிக்கிற தண்ணீரைத் தார்த் தரையில் ஊற்றுகிறானே என்று கோபம். என் பாட்டி ஊற்றிய நாலு குடம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுவாரம் ஒரு சோதனைத் தொகுதி வீணானது. சரக்கு தாமதமானது. மேலாளர் அறிக்கை கேட்டார். "வாயு நிரப்பியதில் கவனக்குறைவு, தண்ணீரை வீணடித்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒப்பந்ததாரர் அந்தப் பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

புது மெக்கானிக் வந்தார், அனுபவஸ்தர். யூனிட் அதேபோல நின்றது. அப்போதுதான் எனக்கு உறுத்தியது. ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகள் வாங்கினேன். ஒன்றைக் கீழே வேப்ப மர நிழலில் தொங்கவிட்டேன். இன்னொன்றை வெயில் நேராகப் படாதபடி அட்டையால் மறைத்து, யூனிட் காற்று இழுக்கும் இடத்தில் கட்டினேன். மதியம் இரண்டு மணிக்குக் கீழே 41. மேலே 48. ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 106க்கும் 118க்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் ஒரே கட்டிடம், ஒரே நேரம்.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு கஷ்டப்பட்டுத் தள்ள வேண்டும், நிரம்பிய பானையில் மேலும் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. வெளிக்காற்று ஒரு டிகிரி கூடினால் மின்சாரம் ஏறக்குறைய இரண்டு மூன்று சதவீதம் கூடும். குளிர்விக்கும் திறன் ஒரு சதவீதம் அளவுக்குக் குறையும். ஏழு டிகிரி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போனால் அழுத்தம் எல்லை தாண்டி, இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். அது பழுதில்லை.

கறுப்புத் தார்த் தரை, விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுங்கும். உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 65, 70 டிகிரி செல்சியஸுக்குப் போகும். அதைத் தொட்டு நிற்கும் காற்றும் சூடாகும். கைப்பிடிச் சுவர் அந்தக் காற்றை வெளியே விடாது. யூனிட் கக்கும் வெப்பமும் சுவரில் மோதித் திரும்பி வரும். தரையோடு தரையாக வைத்த இயந்திரம் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது.

அப்படியானால் கணக்கில் போட்ட 40 டிகிரி எங்கே அளந்தது? வானிலை நிலையத்தில். சென்னையில் 1792இலேயே நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் அமைந்தது. இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. நிலையங்களில் வெப்பமானியை வைக்கும் பலகைக் கூண்டுக்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1860களில் வடிவமைத்தது. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா அவர். புல்தரைக்கு நாலடி உயரத்தில், காற்று புகும் சட்டங்களோடு, வெயில் ஏறாமல் இருக்க வெள்ளை அடித்து நிறுத்தியிருப்பார்கள். வெப்பமானிக்கு வெள்ளைக் கூரை கட்டி, அது காட்டிய எண்ணை எடுத்து, கறுப்புக் கூரையில் நிற்கும் இயந்திரத்துக்குக் கணக்குப் போட்டோம். எங்கள் தவறு அதுதான்.

இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் திறனும் அப்படித்தான். உலக வழக்கப்படி வெளிக்காற்று 35 டிகிரியில் சோதித்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். 35 டிகிரி என்பது நம் ஊரில் சித்திரைக் காலை பத்து மணி.

பெரிய கணிப்பொறிக் கணக்குகளிலும் இந்த ஓட்டை இருந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஒரு கட்டிடம் வருடம் முழுக்க எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று மணிக்கு மணி கணக்கிடும் நிரல்களை அமெரிக்காவில் எழுதினார்கள். டோ-2 என்பது ஒன்று. அதன் வாரிசாக 2001இல் எனர்ஜிபிளஸ் வந்தது. கூரை வழியாக அறைக்குள் இறங்கும் வெப்பத்தை இவை நன்றாகவே கணக்கிடும். ஆனால் கூரைமேல் நிற்கும் இயந்திரத்துக்கு என்ன காற்று கிடைக்கிறது என்ற கேள்விக்கு, வழக்கமாக வானிலைக் கோப்பின் எண்ணையே எடுத்துக்கொள்ளும். கூரை கறுப்பானாலும் வெள்ளையானாலும் அந்தக் காற்று ஒன்றுதான். ஆகவே கறுப்புக் கூரையின் நஷ்டமும் வெள்ளைக் கூரையின் லாபமும் கணக்கில் குறைத்தே தெரியும். இத்தாலியில் பெருஜா பல்கலைக்கழகத்தார் இதைத் தனியாக அளந்து 2013இல் எழுதினார்கள். வெள்ளைக் கூரையில் இயந்திரம் இழுக்கும் காற்றே குளிர்ந்தது, அதனால் அது இன்னும் நன்றாக வேலை செய்தது என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதைப் பற்றிப் படித்தபோது, ஆம்பூர்ப் பையன் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரே வரியில் சொன்னது ஞாபகம் வந்தது.

1998க்குத் திரும்புகிறேன். அளந்த மறுநாள் இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு எங்கள் தோல் ஷாப்பிலிருந்தே எடுத்தேன். தாளித்து, பசை கலந்து, யூனிட்டைச் சுற்றி மாடி முழுக்க இரண்டு பூச்சு அடிக்கச் சொன்னேன். இரும்புச் சட்டத்தில் யூனிட்டுகளை இரண்டரை அடி தூக்கி, சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம். அதன்பிறகு கீழே 41 காட்டிய நாளில் மேலே 43 காட்டியது. சுவிட்ச் விழுவது நின்றது. அந்தக் கோடை முழுக்க அறை சூடாகவில்லை.

மேலாளரிடம் போய், முன்பு எழுதிய அறிக்கை தவறு என்றேன். "வேலை ஆச்சில்ல, விடுங்க" என்றார். நான் விடவில்லை, திருத்தம் எழுதிக் கோப்பில் வைத்தேன். ஒப்பந்ததாரரின் கடைக்கும் போய்ச் சொன்னேன். "அவன் போயிட்டானே சார், திருப்பூர்னு சொன்னாங்க" என்றார். வீட்டு விலாசம் அவரிடம் இல்லை. கோப்பில் இருக்கும் திருத்தத்தை அவன் படிக்கப் போவதில்லை. அவன் செய்தது சரி என்று யாரும் அவனிடம் சொன்னதும் இல்லை. இதை எழுதுவதால் அது சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நாடு மெதுவாகக் கூரைப் பக்கம் திரும்பியது. 2007இல் வந்த ஆற்றல் சேமிப்புக் கட்டிட விதித் தொகுப்பு, தட்டையான கூரைகளில் வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சைப் பற்றிப் பேசியது. ஹைதராபாத்தில் ஐஐஐடி ஆய்வாளர்களும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தாரும் சேர்ந்து வணிகக் கட்டிடங்களில் அளந்து, 2012இல் வெளியிட்டார்கள். கறுப்புக் கூரையை வெள்ளையாக்கினால் ஏசி மின்சாரம் 14 முதல் 26 சதவீதம் குறைந்தது. சாதாரண கான்கிரீட் கூரையை வெள்ளையாக்கினால் 10 முதல் 19 சதவீதம். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பசுமைப் பள்ளித் திட்டத்தில் அரசுப் பள்ளிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். ஏசியே இல்லாத பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய உதவி.

நெமிலி 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். நம் தாலுகாவிலேயே பனப்பாக்கத்தில் சிப்காட் வந்து, கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஏக்கர் கணக்கில் கூரைகள் வரப்போகின்றன. நம் பேரப்பிள்ளைகள் அவற்றின் கீழே வேலை செய்வார்கள். அந்தக் கூரைகளில் ஏறிக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு வெப்பமானியைக் கையோடு எடுத்துப் போனால் நல்லது. மேலே வேலை செய்கிற பையன் என்ன சொல்கிறான் என்றும் கேட்டால் இன்னும் நல்லது.

வாத்தியார் வீட்டுக்கு வருகிறேன். கேஸ் போட வேண்டாம் என்றேன். யூனிட்டை இரண்டடி உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன். மேலே நிழல் போட்டால் காற்றை அடைக்காமல் போட வேண்டும். மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்தோம். மழையும் தூசியும் அதை மங்க வைக்கும், ஆகவே வருடா வருடம் கோடைக்கு முன் ஒரு பூச்சு அவசியம். தாத்தா பொங்கலுக்கு அடித்தது அந்தக் கணக்கில்தான். இரண்டு வாரமாக ஏசி நிற்கவில்லை. அடுத்த பில்லில் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்குமா என்று வாத்தியார் தினமும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டு ஏசியும் மதியம் இரண்டு மணிக்கு நின்றால், மெக்கானிக்கைக் கோபிப்பதற்கு முன்னால் ஒரு முறை மாடி ஏறிப் பாருங்கள். செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.